சிறிய டிராக்டரில் பிரேக் சரிசெய்ய முடியவில்லை: லாக் நட்டும் பெடல் தண்டும் இறுகிவிட்டன

கடைமடைக்காரன் எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். வேதாரண்யம் பக்கத்தில் 6 ஏக்கரில் நெல் பயிரிடுகிறேன். என்னிடம் 14 ஆண்டுகள் ஓடிய, 18 குதிரைத்திறன் கொண்ட சிறிய டிராக்டர் ஒன்று இருக்கிறது. இரண்டு பிரேக் பெடல்களும் வலது காலின் பக்கம் அருகருகே இருக்கின்றன. சாலையில் போகும்போது இரண்டையும் கொக்கியால் இணைத்துக்கொள்வேன். வயலில் கொக்கியை விடுவித்துவிட்டுத் தனித்தனியாக மிதிப்பேன். உள்ளே இருப்பது டிரம்மும் அதை உள்ளிருந்து அழுத்தும் ஷூவும்தான், ஆயிலில் ஓடும் பிரேக் அல்ல. பெடலிலிருந்து பின் அச்சுக்குப் போகும் இரண்டு கம்பிகளிலும் நீளத்தைக் கூட்டிக் குறைப்பதற்கு நடுவில் டர்ன்பக்கிள் என்ற திருகு இணைப்பும், அது தானாகச் சுழலாமல் பூட்டிவைக்க அதன் இரண்டு முனைகளிலும் லாக் நட்டும் உள்ளன.

சென்ற சம்பாவுக்குக் கேஜ் வீல் (சேற்றில் ஓட்டும் இரும்புக் கூண்டுச் சக்கரம்) மாட்டிச் சேறடித்தபோதுதான் கோளாறு தெரிந்தது. வயலின் மூலையில் திரும்புவதற்காக இடது பெடலை மட்டும் மிதித்தால், வலது பெடலும் ஒட்டிக்கொண்டு கூடவே இறங்குகிறது. வண்டி திரும்புவதற்குப் பதிலாகச் சேற்றிலேயே நின்றுவிடுகிறது. காலை எடுத்த பிறகு இரண்டு பெடல்களும் சோம்பேறித்தனமாகத்தான் மேலே வருகின்றன; சில நேரம் காலைக் கொடுத்துத் தூக்கிவிட வேண்டியிருக்கிறது. கையேட்டில் பெடலின் வெற்றசைவு (பிரேக் பிடிக்கத் தொடங்கும் முன் பெடல் சும்மா இறங்கும் தூரம்) 20 முதல் 30 மி.மீ. வரை இருக்க வேண்டும் என்றும் இரண்டு பக்கமும் சமமாக இருக்க வேண்டும் என்றும் போட்டிருக்கிறது. நான் அளந்தபோது இடது பக்கம் 50 மி.மீ. வந்தது. வலது பக்கம் அதனுடன் சேர்ந்தே அசைவதால் அதைத் தனியாக அளக்க முடியவில்லை.

சரி, கம்பியைத் திருகிச் சரிசெய்யலாம் என்று கீழே படுத்தேன். இடது கம்பியில் முன்பக்க லாக் நட்டு ஒரு நாள் மண்ணெண்ணெயில் ஊறிய பிறகு கழன்றது. பின்பக்க லாக் நட்டு அசையவே இல்லை. பின்னால் போய் அதன் முகத்துக்கு நேரே இருந்துகொண்டு, ஸ்பேனரின் கைப்பிடியில் 2 அடிக் குழாயைச் செருகி இடப்பக்கமாகத் திருகிப் பார்த்தேன். நட்டின் மூலைகள் மழுங்கத் தொடங்கியதும் நிறுத்திவிட்டேன். பக்கத்து ஊர்ப் பட்டறையில் கேட்டதற்கு, கம்பியை அறுத்தெறிந்துவிட்டுப் புதிய கம்பியை வெல்டிங் வைத்துத் தருவதாகச் சொன்னார்கள். பிரேக் கம்பியில் வெல்டிங் வைக்க எனக்கு மனம் ஒப்பவில்லை. அறுக்காமல் கழற்றுவதற்கு வழி இருந்தால் சொல்லுங்கள்.

பழைய பட்டறை எழுதியது:

தம்பி, அறுக்க வேண்டாம். நீங்கள் எழுதியதை வைத்துப் பார்த்தால் அந்தப் பின்பக்க நட்டை நீங்கள் கழற்றவில்லை, இறுக்கியிருக்கிறீர்கள்.

டர்ன்பக்கிள் என்றால் ஒரு முனையில் வலது மரையும் (மரை என்பது திருகு வரி) மறுமுனையில் இடது மரையும் இருக்கும். அப்படி இருந்தால்தான் நடுப்பகுதியைத் திருகும்போது இரண்டு பக்கத்துக் கம்பிகளும் ஒரே சமயத்தில் உள்ளே வரும் அல்லது வெளியே போகும். லாக் நட்டும் தான் உட்கார்ந்திருக்கும் மரையைத்தான் பின்பற்றும். முன்னால் வலது மரை இருந்ததால் நேருக்கு நேர் பார்த்து இடப்பக்கம் திருப்பியதும் கழன்றது. பின்னால் இருப்பது இடது மரை என்றால், அதை நேருக்கு நேர் பார்த்து வலப்பக்கம் திருப்பினால்தான் தளரும். நீங்கள் இடம் மாறிப் பின்னால் போனதுதான் குழப்பத்துக்குக் காரணம். வண்டியின் பக்கவாட்டில் ஒரே இடத்தில் உட்கார்ந்து இரண்டு நட்டுகளிலும் ஸ்பேனரைப் போட்டிருந்தால், எந்தப் பக்கம் இழுத்து முதல் நட்டைத் தளர்த்தினீர்களோ அதே பக்கம் இழுத்துத்தான் இரண்டாவதையும் தளர்த்தியிருப்பீர்கள்.

என் பேச்சை நம்பித் திருக வேண்டாம், கண்ணால் பார்த்து உறுதிசெய்யுங்கள். நட்டுக்கு வெளியே தெரியும் மரையைக் கம்பித் தூரிகையால் தேய்த்து வெளிச்சம் காட்டிப் பாருங்கள். கம்பி செங்குத்தாக நிற்பதாக நினைத்துக்கொண்டால், வரிகள் வலப்பக்கம் நோக்கி ஏறினால் வலது மரை, இடப்பக்கம் நோக்கி ஏறினால் இடது மரை. சில நட்டுகளில் இடது மரை என்பதைக் காட்ட மூலைகளில் சிறு வெட்டுக்குறி போட்டிருப்பார்கள்.

இரண்டாவது விஷயம் இதைவிட முக்கியமானது. கம்பியின் நீளம் உங்கள் கோளாறுக்குக் காரணமே அல்ல. ஒரு பெடலை மிதித்தால் மற்றதும் இறங்குகிறது என்றால், பெடல் தண்டுதான் இறுகியிருக்கிறது. உங்கள் வண்டி போன்றவற்றில் ஒரு பெடல் தண்டோடு ஊசி அடித்துப் பிணைக்கப்பட்டிருக்கும். அதை மிதித்தால் தண்டே சுழன்று மறுபக்கக் கம்பியை இழுக்கும். மற்ற பெடல் அதே தண்டின்மேல் புஷ் (உள்ளே செருகிய குழல்) வைத்துச் சும்மா ஆட வேண்டியது. அந்தப் புஷ்ஷுக்கும் தண்டுக்கும் நடுவே துரு ஏறிவிட்டால் இரண்டும் ஒன்றாகிவிடும். இந்த நிலையில் வெற்றசைவை எத்தனை முறை அளந்தாலும் அந்த அளவுக்குப் பொருள் கிடையாது. பெடல் முழுதாக மேலே வந்து தன் நிறுத்தத்தில் உட்காராத வரையில் எங்கிருந்து அளப்பீர்கள்?

ஆகவே முதலில் இரண்டு கம்பிகளையும் பின் அச்சுப் பக்கத்தில் கழற்றிவிடுங்கள். கம்பி முனையின் கவட்டையில் குறுக்கே இருக்கும் பின்னைத் தட்டி எடுத்தால் போதும். பிறகு ஒவ்வொன்றையும் தனியாகக் கையால் அசைத்துப் பாருங்கள். பெடல் லேசாக ஆடுகிறதா? பின் அச்சின்மேல் இருக்கும் பிரேக் நெம்புகோல் ஆடித் திரும்புகிறதா? எது இறுகியிருக்கிறதோ அதற்கு மட்டும் வைத்தியம் பாருங்கள். கீழே படுப்பதற்கு முன் வண்டியைச் சமதளத்தில் நிறுத்தி, முன் சக்கரங்களுக்கு இரண்டு பக்கமும் கட்டை கொடுங்கள். பிரேக் கம்பியைக் கழற்றிய வண்டிக்குப் பிரேக் இல்லை என்பது வேலையின் நடுவில் மறந்துபோகும்.

மன்னார்குடி வயல் எழுதியது:

மேலே சொன்னது முழுவதும் சரி. நான் அந்த நட்டை எப்படி ஊறவைப்பது என்பதை மட்டும் சேர்த்துச் சொல்கிறேன், ஏனென்றால் பலரும் எண்ணெயை ஊற்றிவிட்டு ஐந்து நிமிடத்தில் ஸ்பேனரைப் போடுகிறார்கள்.

எண்ணெய் துருவின்மேல் வழிந்து போவதில் பயனில்லை, மரைக்குள் இறங்க வேண்டும். முதலில் சேறும் பெயின்ட்டும் போகும்வரை கம்பித் தூரிகையால் தேயுங்கள். நட்டு கடந்து போக வேண்டிய மரையையும் சேர்த்துச் சுத்தம் செய்ய வேண்டும். அரைச் சுற்று கழன்ற நட்டு மீண்டும் சிக்குவது அந்த இடத்தில்தான். பிறகு எண்ணெய் விடுங்கள். கடையில் விற்கும் துரு நீக்கி ஸ்ப்ரே இருந்தால் நல்லது. இல்லாவிட்டால் டீசலும் பவர் ஸ்டீயரிங்குக்கு ஊற்றும் ஆயிலும் பாதிக்குப் பாதி கலந்து விடலாம். அசிட்டோன் கலந்தால் இன்னும் வேகமாக இறங்கும் என்பார்கள். அது சட்டென்று தீப்பிடிக்கும், ரப்பரையும் பெயின்ட்டையும் தின்றுவிடும் என்பதால் நான் தொடுவதில்லை. காலையும் மாலையும் சில துளிகள் வீதம் மூன்று நாள் விடுங்கள். ஒவ்வொரு முறை விட்ட பிறகும் நட்டின் ஒரு முகத்துக்குப் பின்னால் கனமான சுத்தியலை முட்டுக்கொடுத்து, எதிர் முகத்தில் சிறிய சுத்தியலால் பத்துப் பன்னிரண்டு முறை தட்டுங்கள். ஓங்கி அடிக்க வேண்டாம். அந்த அதிர்வில் துரு விரிசல் விட்டு எண்ணெய்க்கு வழி கிடைக்கும்.

திருகும்போது இரண்டு முகங்களை மட்டும் பிடிக்கும் வாய் திறந்த ஸ்பேனரைப் போடாதீர்கள். மூலை ஏற்கெனவே மழுங்கியிருப்பதால் ஆறு முகங்களையும் பிடிக்கும் ரிங் ஸ்பேனர் வேண்டும். கம்பி குறுக்கே இருப்பதால் ரிங்கை நுழைக்க முடியாது என்றால், ரிங்கின் ஒரு பக்கத்தைக் கம்பி நுழையும் அளவுக்கு அறுத்துவிட்டுப் பயன்படுத்தலாம். என் பெட்டியில் அப்படி அறுத்த பழைய ஸ்பேனர் ஒன்று இதற்கென்றே இருக்கிறது. டர்ன்பக்கிளின் உடலை இன்னொரு ஸ்பேனரால் பிடித்துக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் கம்பியே முறுகிவிடும். முதலில் இறுக்கும் திசையில் ஒரு நூலளவு அசைத்துவிட்டுப் பிறகு தளர்த்துங்கள். கால் சுற்று வந்தால் மீண்டும் உள்ளே விட்டு எண்ணெய் விடுங்கள். ஒரேயடியாகக் கழற்ற நினைத்தால் மரை உரிந்துவிடும்.

ஒரு எச்சரிக்கை. பின் அச்சுப் பக்கம் ஸ்ப்ரே அடிக்கும்போது துணியைச் சுற்றிக்கொண்டு அடியுங்கள். டிரம்முக்குள் எண்ணெய் போய் லைனிங் (ஷூவின்மேல் இருக்கும் உராய்வுப் பட்டை) ஊறிவிட்டால் அந்தப் பக்கப் பிரேக் பிடிக்காது, பிறகு ஷூ மாற்றும் செலவு வரும்.

உங்கள் ஊர்த் தண்ணீரைப் பற்றியும் சொல்ல வேண்டும். கடலோரத்து உவர் நீரில் வண்டியைக் கழுவுகிறீர்கள் என்றால், கழுவாமல் விடுவதை விட அது மோசம். பொட்டாஷ் மூட்டையை ஏற்றிய பிறகு துடைக்காமல் விடுவதும் அப்படித்தான். அதுவும் குளோரைடு உப்புதான்.

லேத்துக்காரர் எழுதியது:

மூன்று நாள் ஊறியும் அசையாவிட்டால் சூடு காட்டலாம், ஆனால் எதைச் சூடாக்குகிறோம் என்பதில் கவனம் வேண்டும். நட்டைத்தான் சூடாக்க வேண்டும், உள்ளே இருக்கும் கம்பியை அல்ல. வெளியே இருக்கும் நட்டு விரிந்தால்தான் பிடி விடும். நின்று நிதானமாகக் காய்ச்சினால் இரண்டும் சேர்ந்து விரிந்து பயனில்லாமல் போகும். சிறிய கேஸ் டார்ச்சால் நட்டைச் சுற்றிலும் வேகமாகக் காட்டி, ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டால் சுரீரென்று பறக்கும் சூடு வந்ததும் நிறுத்துங்கள். சிவக்க விட வேண்டாம். அந்தச் சூட்டிலேயே மெழுகுவர்த்தியை மரையின் விளிம்பில் தொட்டால், மெழுகு உருகி உள்ளே இழுத்துக்கொள்ளும். அதன் பிறகு பல நட்டுகள் கையோடு வந்திருக்கின்றன.

ஏற்கெனவே மண்ணெண்ணெயும் டீசலும் ஊற்றிய இடம் என்பதை மறந்துவிடாதீர்கள். துடைத்து, காய வைத்து, பக்கத்தில் ஒரு வாளித் தண்ணீரோ மணலோ வைத்துக்கொண்டுதான் நெருப்பைக் காட்ட வேண்டும். டீசல் டேங்க், ஒயர், பின் அச்சின் ஆயில் சீல் ஆகியவற்றின் அருகே நெருப்பே வேண்டாம். பிரேக் கிளீனர் ஸ்ப்ரே அடித்த இடத்தைச் சூடாக்கவே கூடாது. அவற்றில் சிலவற்றில் குளோரின் சேர்ந்த கரைப்பான் இருக்கும், அது சூட்டில் நச்சு வாயுவாக மாறும்.

எதற்கும் மசியாவிட்டால் நட்டைப் பலி கொடுங்கள், கம்பியைக் காப்பாற்றுங்கள். நட்டின் ஒரு முகத்தில் மரையைத் தொடாத ஆழம் வரை அறுத்து, உளி வைத்து ஒரு போடு போட்டால் நட்டு பிளந்துகொள்ளும். புது நட்டு வாங்கும்போது இடது மரை நட்டு என்று கேட்டு வாங்குங்கள். சாதாரண நட்டுக் கடையில் கிடைக்காவிட்டால் டிராக்டர் உதிரிபாகக் கடையில் கிடைக்கும்.

கவட்டைப் பின் இறுகியிருந்தால் அடித்து வளைக்காதீர்கள். ஒரு பக்கம் பெரிய பாக்ஸ் ஸ்பேனர் தலையை வைத்து, மறுபக்கம் பின்னைவிடச் சிறிய துண்டை வைத்து, ஜி கிளாம்ப்பால் இறுக்கினால் பின் நேராக வெளியே வரும்.

கடைமடைக்காரன் எழுதியது:

ஆறு நாள் கழித்து எழுதுகிறேன். மூவருக்கும் நன்றி.

மரையைத் தேய்த்துப் பார்த்தேன். பழைய பட்டறை ஐயா சொன்னபடியே வரிகள் இடப்பக்கம் ஏறின. இத்தனை நாள் குழாய் போட்டு இறுக்கிக்கொண்டிருந்திருக்கிறேன் என்று தெரிந்தபோது எனக்கே சிரிப்பு வந்துவிட்டது. இரண்டு நாள் ஊறவைத்துத் தட்டிவிட்டு, ரிங் ஸ்பேனரால் சரியான திசையில் இழுத்ததும் டக் என்ற ஓசையோடு நட்டு விட்டது. நெருப்புக்குத் தேவை ஏற்படவில்லை.

கம்பிகளைக் கழற்றிவிட்டு அசைத்ததில், பின் அச்சு நெம்புகோல்கள் இரண்டும் நன்றாக ஆடின. பெடல் தண்டுதான் கோளாறு. வலது பெடலின் புஷ்ஷில் கிரீஸ் நிப்பிள் (கிரீஸ் ஏற்றும் சிறு முனை) இருக்கும் இடமே எனக்குத் தெரியாமல் இருந்தது. கல்லாகிப்போன சேற்றுக்கு அடியில் இருந்தது. கிரீஸ் கன்னை வைத்தால் கிரீஸ் வெளியே வழிந்ததே தவிர உள்ளே போகவில்லை. நிப்பிளைக் கழற்றிப் பார்த்தால், துளை முழுவதும் பழைய கிரீஸ் மெழுகுபோல் உறைந்திருந்தது. மெல்லிய கம்பியால் குத்திச் சுரண்டி எடுத்தேன்.

இடது பெடலின் ஊசியைத் தட்டி எடுக்கும்போது ஒரு தவறு செய்துவிட்டேன். பஞ்ச் இல்லாததால் பெரிய ஆணியை வைத்து அடித்தேன். ஆணியின் நுனி உள்ளேயே நசுங்கி ஊசியோடு சிக்கிக்கொண்டது. மறுநாள் சரியான பருமனில் பஞ்ச் வாங்கி, தண்டுக்கு அடியில் மரக்கட்டை முட்டுக்கொடுத்து, எதிர்ப்பக்கத்திலிருந்து அடித்துத்தான் இரண்டையும் வெளியே எடுக்க முடிந்தது. வலது பெடல் அப்போதும் தண்டை விட்டு வரவில்லை. நிப்பிள் துளை நிறைய துரு நீக்கி எண்ணெயை விட்டு, நிப்பிளை மாட்டி, அதன் பின்னால் கிரீஸ் கன்னால் அழுத்தினேன். பத்தாவது அழுத்தில் புஷ்ஷின் ஓரத்தில் செம்மண் நிறத்தில் எண்ணெய் கசிந்தது. அதன் பிறகு பெடலை முன்னும் பின்னுமாக ஆட்டிக்கொண்டே இழுத்ததும் வழுக்கிக்கொண்டு வந்துவிட்டது. தண்டில் நகம் தடுக்கும் அளவுக்குத் துருக்குழிகள் இருந்தன. எமரித் தாளால் தேய்த்து, கிரீஸ் தடவி மாட்டிவிட்டேன்.

இப்போது இரண்டு பக்கமும் 25 மி.மீ. வைத்திருக்கிறேன். ஜாக்கியில் தூக்கி, கியர் நியூட்ரலில் ஒவ்வொரு பின் சக்கரத்தையும் கையால் சுற்றினால் உரசாமல் சுற்றுகிறது. பெடல்களைக் கொக்கியால் இணைத்து, மண் சாலையில் தாழ்ந்த கியரில் ஓட்டி அழுத்தினேன். இரண்டு டயர்களும் ஒரே நீளத்துக்குக் கோடு போட்டு நின்றன. ஒரு சந்தேகம் மட்டும் மிச்சம் இருக்கிறது. வலது கம்பியில் இந்த அளவு வருவதற்கு மரை ஏறக்குறைய முடியும் வரை உள்ளே திருக வேண்டியிருந்தது. அதனால் ஏதும் ஆபத்து உண்டா?

பழைய பட்டறை எழுதியது:

தம்பி, நல்ல வேலை செய்திருக்கிறீர்கள். ஆனால் அந்த வலது பக்கத்தைக் கவனிக்க வேண்டும். பெடல்கள் ஒட்டிக்கொண்டிருந்த காலம் முழுவதும் அந்தப் பக்க ஷூ டிரம்மை விட்டு முழுதாக விலகாமல் உரசிக்கொண்டே ஓடியிருக்கும். லைனிங் இடப்பக்கத்தைவிட அதிகமாகத் தேய்ந்திருக்க வாய்ப்பு உண்டு. திருகுவதற்கு மரை மிச்சமில்லை என்றால், லைனிங் முடியும் நிலையில் இருக்கிறது என்றுதான் எடுத்துக்கொள்ள வேண்டும். ஒருவரைப் பெடலை அழுத்தச் சொல்லிவிட்டுப் பின் அச்சில் இருக்கும் நெம்புகோலைப் பாருங்கள். கம்பிக்கும் நெம்புகோலுக்கும் நடுவில் இருக்கும் கோணம் செங்கோணத்தைத் தாண்டிப் போனால், எவ்வளவு மிதித்தாலும் இழுவை குறையும். அப்படி இருந்தால் டிரம்மைத் திறந்து, இரண்டு பக்க ஷூவையும் சேர்த்தே மாற்றுங்கள். ஒரு பக்கம் புதிது, மறுபக்கம் பழையது என்று வைத்தால் டிரெய்லரோடு சாலையில் அழுத்தும்போது வண்டி ஒரு பக்கமாக இழுக்கும்.

பார்க்கிங் பிரேக்கின் கொக்கி பெடலைத்தான் பிடிக்கிறது என்பதால், அதையும் ஒரு சரிவில் போட்டுப் பாருங்கள். கவட்டைப் பின்களில் அவை கழலாமல் தடுக்கும் பழைய ஸ்பிலிட் பின்னையே (முனைகளைப் பிரித்து வளைக்கும் கம்பி) நிமிர்த்தி மாட்டியிருந்தால் இன்றைக்கே மாற்றிவிடுங்கள்; இரண்டாவது முறை வளைத்த கம்பி எப்போது முறியும் என்று சொல்ல முடியாது.

கடைமடைக்காரன் எழுதியது:

ஸ்பிலிட் பின்னை நிமிர்த்தித்தான் மாட்டியிருந்தேன் ஐயா, எப்படித் தெரிந்ததோ. நான்கு புதிய பின் வாங்கி மாட்டிவிட்டேன். நெம்புகோலைப் பார்த்ததில் வலப்பக்கம் செங்கோணத்தைச் சற்றுத் தாண்டுகிறது, இடப்பக்கம் தாண்டவில்லை. அறுவடை முடியும் வரை டிரெய்லர் மாட்டுவதில்லை என்று வைத்துக்கொண்டு, ஷூ இரண்டு ஜோடிக்குச் சொல்லியிருக்கிறேன்.